நாலு புதுச்சட்டி

என் சமையலைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெந்நீர் நன்றாக வைப்பேன். அதுவும் சில நாள் அடிபிடித்துவிடும்.

ஈப்போவில் வீடு வீடாகக் கேஸ் தோம்பு, அதாவது சிலிண்டர், இறக்குவது என் வேலை. ஊரில் எத்தனையோ அடுப்பு நான் தூக்கிக்கொண்டு போய் வைக்கும் கேஸில்தான் எரிகிறது. அடுப்புக்கு இத்தனை பக்கத்தில் இருந்தும் சமையல் எனக்கு ஒட்டவில்லை. பள்ளிக்கூடத்திலும் இதே கதைதான். கரும்பலகைக்குப் பக்கத்திலேயே எத்தனையோ நாள் முட்டி போட்டிருக்கிறேன். அதில் எழுதியிருந்த ஒன்றும் என் மண்டைக்குள் ஏறவில்லை. முட்டி மட்டும் காய்த்துப்போனது.

எங்கள் ரப்பர்த் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஒன்றாகப் படித்தவர்களில் இன்னும் விடாமல் ஒட்டிக்கொண்டிருப்பது ஐந்து பேர். படித்தவர்கள் கணக்கில் என்னையும் சேர்த்துக்கொள்வது மற்ற நால்வரின் பெரிய மனசு. தோட்டம் இப்போது இல்லை. ரப்பரை வெட்டி எண்ணெய்ப்பனை போட்டார்கள், பனையை வெட்டி வீடு கட்டிவிட்டார்கள். நாங்கள் மாங்காய் திருடிய இடத்தில் இன்றைக்கு ஒரு பல் டாக்டர் இருக்கிறார். நானே அங்கே போய் இரண்டு பல்லைக் கொடுத்துவிட்டு வந்தேன். மாங்காய்க்கும் பல்லுக்கும் சரியாய்ப் போயிற்று.

பேரைச் சொன்னால் நாலு பேரும் சண்டைக்கு வருவார்கள். அதனால் நாங்கள் ஒருவரை ஒருவர் கூப்பிடும் பட்டத்தையே சொல்கிறேன். டீச்சர், வகுப்பில் எப்போதும் முதலாவதாக வந்தவள். உண்மையாகவே டீச்சராகி, இப்போது ஓய்வும் பெற்றுவிட்டாள். அதிகாரம் மட்டும் ஓய்வு பெறவில்லை. பீடோர்க்காரி, பீடோரில் புருஷனோடு கொய்யாத் தோட்டம் வைத்திருக்கிறாள். அவள் கைச் சாம்பாருக்காகவே சொந்தக்காரர்கள் சண்டையை மறந்து விசேஷத்துக்கு வருவார்கள். மண்டோர், ஆயர் தாவார் பக்கம் எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் ஆள்களை வைத்து வேலை வாங்குகிறவன். வீட்டில் அவனை வேலை வாங்குவது அவன் மனைவி. என் பட்டம் கேஸ்.

ஐந்தாவது ஆள்தான் இந்தக் கதைக்குக் காரணம். அவனை முதலாளி என்போம். அவனுடைய அத்தா எங்கள் தோட்டத்தில் மளிகைக்கடை வைத்திருந்தார். தோட்டத்துப் பள்ளியில் அவர்கள் ஒரு வீடுதான் முஸ்லிம். இன்றைக்கு அவனுக்கு ஈப்போவில் பெரிய சாப்பாட்டுக்கடை இருக்கிறது. ராத்திரி பகல் இல்லாமல் திறந்திருக்கும். ஒவ்வொரு தீபாவளிக்கும் நாங்கள் நாலு பேரும் அவன் கடைக்குத்தான் போவோம். எங்கள் பண்டிகைக்கு அவன் விருந்து வைப்பான். எங்களுக்கு வெட்கமாக இருக்காதா என்று கேட்பீர்கள். ஆட்டுக்கறி வரும்வரை கொஞ்சம் இருக்கும்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் அவன் மனைவி இறந்துபோனார். அதற்குப் பிறகும் அவன் வழக்கம்போல்தான் இருந்தான். கல்லாவில் நின்றான், ஆள்களைத் திட்டினான், எங்களுக்கு விருந்து வைத்தான். இந்த வருஷம் தீபாவளிக்கு முன்னால் எங்கள் வாட்சப் குரூப்பில் அவனிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. பின்னால் ரொட்டி தட்டும் சத்தம் கேட்டது.

"இந்த வருஷம் என் கடை வேணாம் லா. டீச்சர் சொல்லிக்கிட்டே இருக்கே, பொட்லக்கு பொட்லக்குன்னு. அதையே வைங்க. ஆளுக்கு ஒன்னு சமைச்சுக் கொண்டாங்க. நான் வெறுங்கையோட வாரேன், உக்காந்து திங்கிறேன். வீட்டுக்காரி போனதுலேர்ந்து எனக்குன்னு யாரும் சமைக்கல. என் கடைச் சோத்தையே கல்லாக்கிட்ட நின்னுக்கிட்டுத் திங்கிறேன். ஒரு நாளு, வேற கையால சாப்பிடணும் போல இருக்கு மச்சான். அவ்ளோதான்."

வழக்கமாக அவன் என்ன போட்டாலும் நாங்கள் கிண்டல் பண்ணுவோம். அன்றைக்குக் கிண்டலுக்குப் பதில் ஆளுக்கு ஒரு 'சரி' போட்டோம். கடைசியில் டீச்சர் சட்டம் போட்டாள். கந்த சஷ்டி விரதம் முடிந்து வரும் சனிக்கிழமை சாயங்காலம், அவள் வீட்டில். எல்லாம் ஹலால். எல்லாம் சொந்தச் சமையல். கடையில் வாங்கி வருகிறவர்கள் வாசலோடு திரும்பிப் போகலாம்.

சட்டத்தின் கடைசி வரியை எனக்காகத்தான் எழுதினாள் என்பது எனக்குத் தெரியும்.

என் மனைவி அப்போது வீட்டில் இல்லை. தஞ்சோங் மாலிமில் மகளுக்குப் பிரசவம். மருமகன் அங்கே கார் தொழிற்சாலையில் வேலை செய்கிறான். தீபாவளி முடிந்த கையோடு பேத்தியைப் பார்த்துக்கொள்ளப் போனவள், என்னைப் பார்த்துக்கொள்ள ஆள் வைக்காமல் போய்விட்டாள். நான் கோழி பெரட்டல் செய்வதாகக் குரூப்பில் அறிவித்துவிட்டு அவளுக்குப் போன் அடித்தேன்.

"எதுல சமைக்கப் போறீங்க?" என்றாள் முதலில். கோழியைப் பற்றிக் கேட்கவே இல்லை.

"நம்ம பெரிய குவாலியிலதான்."

"உங்களுக்குப் புத்தி இருக்கா? தீபாவளிக்கு அதுலதான காட்டுப்பன்னி பெரட்டுனோம்!"

அங்கேதான் சிக்கல். எங்கள் தோட்டத்து ஆட்களுக்குப் பண்டிகை என்றால் காட்டுப்பன்றி இல்லாமல் நடக்காது. யாராவது ஒரு தம்பி எங்கேயாவது வாங்கிக்கொண்டு வந்துவிடுவான். எங்கள் வீட்டுக் குவாலி அதைப் பெரட்டிப் பெரட்டியே கறுத்த இரும்புச்சட்டி. கல்யாணத்துக்கு முன்னால் இருந்த என் நிறத்தை விடக் கறுப்பு.

"நல்லா தேச்சுக் கழுவிட்டேன்" என்றேன்.

"கழுவுனா? அவங்களுக்கு அது அப்படி இல்லீங்க. பாவம், ஆசைப்பட்டுச் சாப்பிட வாராரு. புதுச்சட்டி வாங்குங்க. கரண்டியும் புதுசு. கோழியைப் பாசார்ல ஹலால் கடையில வாங்குங்க. வேற எதையும் நீங்களா யோசிக்காதீங்க."

வாங்கினேன். அவள் சொன்ன எல்லாவற்றையும் வாங்கினேன். சனிக்கிழமை மத்தியானம் போனை மிளகாய்த்தூள் டப்பா மேல் சாய்த்து வைத்து, அவள் படத்தில் தெரிய, சமைக்க ஆரம்பித்தேன். தாளித்தேன், வதக்கினேன், கோழியைப் போட்டேன். "அடுப்பைச் சின்னதா வச்சிட்டு மூடுங்க" என்றாள். மூடினேன். பேத்தி அழுதது, அவள் போனை வைத்துவிட்டாள். அந்த நேரம் பார்த்துப் பின் தெரு அம்மா கூப்பிட்டார். வீட்டில் விருந்தாளி, பாதிச் சமையலில் கேஸ் தீர்ந்துவிட்டது, கொஞ்சம் சீக்கிரம் வா தம்பி என்றார். தம்பி என்று கூப்பிட்டால் நான் ஓடிவிடுவேன். என் வயதுக்கு இப்போது அப்படிக் கூப்பிட அவர் ஒருவர்தான் இருக்கிறார்.

தோம்பை இறக்கி, மாட்டி, அவர் கொடுத்த முறுக்கையும் தின்றுவிட்டுத் திரும்பினால் என் வீட்டு ஜன்னலிலிருந்து புகை வந்தது. அடுத்த வீட்டு சீனக் கிழவர் தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ரப்பர்க் குழாயோடு வேலி ஓரம் தயாராக நின்றார். கேஸ் விற்கிறவன் வீட்டுக்குத் தீயணைப்பு வண்டி வந்திருந்தால் அப்புறம் என்னிடம் யார் கேஸ் வாங்குவார்கள்?

சட்டிக்குள் கோழி இல்லை. கரி இருந்தது. அதில் எது எலும்பு எது கறி என்று சொல்ல முடியாது.

மணி நாலு ஆகிவிட்டது. திரும்பவும் பாசாருக்கு ஓடி, திரும்பவும் கரியாக்க நேரமில்லை. சட்டியைத் தேய்த்துக்கொண்டே யோசித்தேன். நீங்களாக யோசிக்காதீர்கள் என்று மனைவி சொன்னதை அந்த நேரம் மறந்துவிட்டேன். என் யோசனை இப்படிப் போனது. முதலாளி மனசு உறுத்தாமல் சாப்பிட வேண்டும். எந்தக் கடையில் வாங்கினாலும் அவனுக்குச் சந்தேகம் வரலாம். ஒரே ஒரு கடைச் சாப்பாட்டை மட்டும் அவன் சந்தேகப்படவே முடியாது. அவன் சொந்தக் கடைச் சாப்பாட்டை. அன்றைக்கு அவன் லீவு. கடையில் ஆள்கள் மட்டும்தான் இருப்பார்கள்.

என் வாழ்க்கையில் நான் இவ்வளவு ஒழுங்காக எதையும் யோசித்ததில்லை. எங்கள் கணக்கு வாத்தியார் பார்த்திருந்தால் அழுதிருப்பார்.

கடையில் தேத்தண்ணீர் ஆற்றுகிற தம்பி என்னைப் பார்த்ததும் சிரித்தான். "அண்ணே, நீங்களுமா?" என்றான்.

"நானுமான்னா?"

"ஒன்னுமில்லண்ணே. என்னா தாப்பாவ் வேணும்?"

கோழி பெரட்டல் பொட்டலம் கட்டித் தரச் சொன்னேன். முதலாளியிடம் மூச்சு விடாதே என்றேன். அதற்கும் சிரித்தான். சின்னப் பையன்கள் எதற்கு வேண்டுமானாலும் சிரிப்பார்கள் என்று விட்டுவிட்டேன். வீட்டுக்கு வந்து, தேய்த்து வைத்த சட்டியில் கறியைக் கொட்டி, சொந்தச் சமையல் மாதிரி தெரிய ஓரத்தில் கொஞ்சம் சிந்தியும் வைத்தேன்.

டீச்சர் வீட்டு வாசலில் தீபாவளிக் கோலம் இன்னும் அழியாமல் இருந்தது. உள்ளே மேசையில் ஏற்கெனவே மூன்று பாத்திரம் உட்கார்ந்திருந்தது. டீச்சர் பிரியாணி. பீடோர்க்காரி ஆட்டுக் குருமா. மண்டோர் சோத்தோங் சம்பல், அதாவது கணவாய்.

"நீ சமைச்சியா மண்டோர்?" என்று கேட்டேன். என்னை யாரும் கேட்பதற்கு முன்னால் நான் கேட்டுவிட வேண்டும் அல்லவா?

"ஏன் லா, எனக்குக் கை இல்லையா?"

"கை இருக்கு. அது சோத்தோங்கைச் சுத்தம் பண்ணி நான் பாத்ததில்ல."

"உன் கோழி மட்டும் தானா நடந்து போயி சட்டியில குதிச்சிச்சா?" என்றான். நான் பேச்சை மாற்றினேன். அவனும் மாற்றினான். டீச்சர் இரண்டு பேரையும் பார்த்தாள், ஆனால் ஒன்றும் கேட்கவில்லை. எல்லார் வீட்டுப் பாடத்தையும் நோண்டி நோண்டிக் கேட்கிறவள் ஏன் சும்மா இருக்கிறாள் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

முதலாளி வந்தான். நல்ல பாத்தேக் சட்டை. அத்தர் வாசனை. மசாலா வாசனை இல்லாமல் அவனைப் பார்த்து எத்தனை காலம் ஆகிவிட்டது! சொன்னபடி வெறுங்கையோடுதான் வந்தான். ஆனால் வெறுங்கையை எங்கே வைப்பதென்று அவனுக்குத் தெரியவில்லை. இடுப்பில் வைத்தான், பைக்குள் விட்டான், கடைசியில் மேசையைத் துடைக்கப் போனான்.

"ஏய், உக்காரு!" என்று டீச்சர் போட்ட சத்தத்தில் நானும் மண்டோரும்கூட உட்கார்ந்துவிட்டோம்.

உட்கார்ந்தான். டீச்சர் அவன் தட்டில் பிரியாணி வைத்தாள், பீடோர்க்காரி குருமா ஊற்றினாள், மண்டோரும் நானும் ஆளுக்கு ஒரு கரண்டி. அவன் கண்ணை மூடி என்னவோ சொல்லிவிட்டு முதல் வாய் எடுத்தான். நாலு பேரும் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவன் மென்றான். நிறுத்தினான். திரும்பவும் மென்றான். தட்டைப் பார்த்தான். அப்புறம் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தான்.

"அடேயப்பா" என்றான். "குருமா என்னா ருசி! எப்படிச் செஞ்சே பீடோர்?"

"சும்மாதான், எப்பவும் போல" என்றாள் பீடோர்க்காரி. அவள் சமையலைப் பற்றிக் கேட்டால் வழக்கமாக அரை மணி நேரம் சொல்லுவாள்.

"கசகசா அரைச்சு ஊத்துனியா, முந்திரியா?"

"ரெண்டும்."

"ரெண்டுமா! நல்லது, நல்லது. மண்டோர், சோத்தோங்கு எப்படி லா இவ்ளோ மெதுவா வந்துச்சு?"

"ஊற வச்சேன்" என்றான் மண்டோர்.

"எதுல?"

"தண்ணியில."

"எவ்ளோ நேரம்?"

"நேத்துலேர்ந்து."

முதலாளி தலையைப் பெரிதாக ஆட்டினான். "நேத்துலேர்ந்து ஊறுன சோத்தோங்கு. அப்பப்பா. கேஸு, உன் கோழி?"

எனக்கு வியர்த்தது. பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு கேட்கும்போது வியர்த்த அதே இடத்தில் வியர்த்தது. "வெங்காயம் வதக்கி..." என்று ஆரம்பித்தேன். "அப்புறம் புளி கரைச்சு ஊத்தி..."

"கோழி பெரட்டலுக்குப் புளியா?"

"கொஞ்சமாத்தான்."

"அதான் பாத்தேன், என்னாவோ ஒரு தனி ருசி." அவன் என் கோழியிலிருந்து ஒரு உருளைக்கிழங்கை எடுத்துத் தூக்கிக் காட்டினான். "இந்தக் கெழங்கை யாரு வெட்டுனது?"

"நான்தான்."

"தோலோட?"

"தோல்ல சத்து இருக்குலா."

"சத்தும் இருக்கு, என் ஆளு ஒருத்தன் சோம்பேறித்தனமும் இருக்கு. தோலை உரிடான்னு மூணு வருஷமா அவனைத் திட்டிக்கிட்டு இருக்கேன். எந்தக் கடையிலடா கோழி பெரட்டல்ல கெழங்கைத் தோலோட போடுவான், என் கடையைத் தவுத்து?"

நான் மண்டோரைப் பார்த்தேன், எனக்கு உதவிக்கு வருவான் என்று. மண்டோர் சோத்தோங்கைப் பார்த்துக்கொண்டிருந்தான். பீடோர்க்காரி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். எல்லாரையும் விட டீச்சர்தான் எனக்கு அதிர்ச்சி கொடுத்தாள். தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். முதல் மாணவி!

"டீச்சர்?" என்றேன். "நீயுமா?"

"பிரியாணி மட்டும்தான்" என்றாள் மெதுவாக.

"மேசை மேல வேற என்னா இருக்கு, 'மட்டும்'ங்கிறதுக்கு?" என்றான் முதலாளி. அப்புறம் சிரித்தான் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு. மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். நாங்களும் சிரித்தோம். தேத்தண்ணீர்த் தம்பி "நீங்களுமா" என்று கேட்டதற்கு அப்போதுதான் எனக்கு அர்த்தம் புரிந்தது. நாலு பேரும் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் அவன் கடைக்குப் போயிருக்கிறோம். ஒரே யோசனை. நான்தான் புத்திசாலி என்று நினைத்த அந்த யோசனை ஏற்கெனவே மூன்று தலையில் உட்கார்ந்திருந்திருக்கிறது.

சிரிப்பு அடங்கியதும் முதலாளி, "சரி சரி, ஆறிப்போவுது, சாப்பிடுங்க" என்றான். எழுந்தான். குருமாக் கரண்டியை எடுத்தான். ஒவ்வொருவர் தட்டாக ஊற்றிக்கொண்டு வந்தான். என் தட்டுக்கு வந்ததும், "குவா பஞ்சீரா?" என்றான். சோறு மிதக்க மிதக்கக் குழம்பு வேண்டுமா என்று கடையில் கேட்பார்களே, அதே கேள்வி, அதே குரல். பழக்கத்தில் நானும் தலையாட்டிவிட்டேன். ஊற்றினான். தன் தட்டைக் கையில் தூக்கிக்கொண்டு, மேசை ஓரமாக நின்றபடி சாப்பிட ஆரம்பித்தான்.

முதலில் பார்த்தது பீடோர்க்காரி. "ஏன் நிக்கிறே?" என்றாள்.

"ஆங்?" என்று தன் காலைப் பார்த்தான், யாரோ அவனை அங்கே கொண்டுவந்து நிறுத்திவிட்ட மாதிரி. "பழக்கம் லா."

அதற்குப் பிறகு யாருக்கும் சிரிப்பு வரவில்லை. ஒரு நாள், ஒரே ஒரு நாள், வேற கையால் சாப்பிட வேண்டும் என்று கேட்டவன். நாங்கள் அவனை டீச்சர் வீடு வரை வரவழைத்து, அவன் கடைச் சோற்றையே அவன் கையில் கொடுத்து, நிற்கவும் வைத்துவிட்டோம்.

"நான் சமைச்சேன்" என்றாள் பீடோர்க்காரி திடீரென்று. "சத்தியமா சமைச்சேன். புதுச்சட்டி வாங்கி, தேங்காய் அரைச்சு, எல்லாம் முடிஞ்சிருச்சு. எங்க வீட்டு மனுசன் ருசி பாக்குறேன்னு வந்து பழைய கரண்டியை உள்ள விட்டுட்டாரு. அது தீபாவளிக்குப் பன்னி கிண்டுன கரண்டி. மொத்தத்தையும் அக்கம் பக்கத்துல குடுத்துட்டு அழுதுக்கிட்டே பஸ் ஏறுனேன்."

"நானும் புதுச்சட்டிதான்" என்றான் மண்டோர். "சட்டி வாங்குனதும்தான் ஞாபகம் வந்துச்சு, எனக்குச் சமைக்கத் தெரியாதுன்னு. வீட்டுக்காரி செஞ்சா அது சொந்தச் சமையல் இல்லேன்னு டீச்சர் விரட்டிருவான்னு பயம்."

என் கோழி கரியான கதையை நானும் சொல்லிவிட்டு, "நீ டீச்சர்?" என்றேன்.

"எங்க வீட்ல இப்ப பன்னி சமைக்கிறதில்ல, எனக்குச் சட்டியெல்லாம் பிரச்சினை இல்ல" என்றாள். ஆனாலும் அவளுடைய பாத்திரமும் பளபளவென்று புதுசுதான். "தினமும் ஊருக்கே சமைக்கிறவன் முன்னாடி என் சோத்தை வைக்க வெக்கமா இருந்துச்சு. எனக்கு மார்க்கு போடத்தான் தெரியும், வாங்கிப் பழக்கமில்ல."

முதலாளி தட்டைக் கீழே வைத்தான். மேசையில் இருந்த நாலு பாத்திரத்தையும் இப்போதுதான் சரியாகப் பார்த்தான். மண்டோர் சட்டியில் கடை ஒட்டிய காகிதம்கூட இன்னும் உரிக்காமல் இருந்தது. என்னுடையது வெளியே புதுசு, உள்ளே பழசு, என்னைப் போலவேதான்.

"எனக்காகவா நாலு பேரும் சட்டி வாங்குனீங்க?" என்றான்.

"பின்ன யாருக்கு? எங்க வீட்டுக் குவாலி கதைதான் உனக்குத் தெரியும்லா" என்றேன். எங்கள் வீடுகளில் என்ன கொதிக்கும் என்று சின்ன வயதிலிருந்தே அவனுக்குத் தெரியும். அது கொதிக்கிற நாளில் எங்கள் லயத்து வீடுகள் பக்கம் விளையாட வரமாட்டான். அடுத்த நாள் வருவான், ஒன்றும் கேட்கமாட்டான்.

முதலாளி என் கோழிச் சட்டியின் விளிம்பை விரலால் தேய்த்துக்கொண்டு நின்றான். அவன் அப்படி நிற்பதை என்னால் பார்க்க முடியவில்லை. வேறு யாராவது ஏதாவது செய்வார்கள் என்று காத்திருந்தேன். கேஸ் தோம்பு தூக்குவதைத் தவிர நான் எதற்கும் முதலில் கை நீட்டியதில்லை. ஆனால் அன்றைக்கு நான்தான் எழுந்தேன்.

"டீச்சர், வீட்ல என்னா இருக்கு?"

"என்னா இருக்கும்? சஷ்டி முடிஞ்சு இன்னும் பாசாருக்கே போவல. வெங்காயம் இருக்கு. மிளகா இருக்கு. சாடின் டின்னு ரெண்டு இருக்கு."

"போதும். முதலாளி, நீ உக்காரு. எழுந்திரிச்சா காலை ஒடிச்சிருவேன்."

என் சட்டிக் கோழியைத் தட்டில் கொட்டிவிட்டு, சட்டியைக் கழுவிக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். மற்ற மூன்று பேரும் பின்னாலேயே வந்துவிட்டார்கள். மண்டோர் டின்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஹலால் முத்திரையைக் கண்டுபிடித்து, கூடத்துக்குக் கேட்கும்படி கத்தினான், "மீனு ஹலால்!" டீச்சர் அரிசி களைந்தாள். வெங்காயம் வெட்டுவது மண்டோர். அவன் அழுத அழுகையை அவனுடைய தோட்டத்து ஆள்கள் பார்த்திருந்தால் அடுத்த நாள் யாரும் அவனுக்குப் பயந்திருக்க மாட்டார்கள். வதக்குவது நான். கரண்டியைப் பீடோர்க்காரி பிடுங்கப் பார்த்தாள். நான் விடவில்லை.

"டேய் கேஸு, அடுப்பைக் குறைடா, கருகுது!"

"எனக்குத் தெரியும், நான் கேஸ்காரன்."

"அதான் உன் கோழி கரியாப் போச்சா?"

கூடத்திலிருந்து முதலாளி குரல் கொடுத்தான். "மிளகாயை மொதல்ல போட்டியா, வெங்காயமா? வாசம் சரியில்லையே!"

"வாயை மூடிக்கிட்டு உக்காரு!" என்றாள் டீச்சர். "இன்னிக்கு நீ கஸ்டமரு!"

சாடின் கொதித்தது. உப்பு போட்டேன். என் கையால் போட வேண்டும் என்று எனக்கு ஆசை. நான் கொல்லையில் மல்லித்தழை பறிக்கப் போன நேரத்தில் மண்டோரும் ஒரு கை போட்டிருக்கிறான். அவனுக்கும் அதே ஆசை. பீடோர்க்காரி எங்கள் இரண்டு பேரையும் நம்பாமல் தன் பங்குக்குப் போட்டாள். டீச்சர் போட்டாளா இல்லையா என்பதை இன்றுவரை அவள் சொல்லவில்லை. சோறும் குழைந்துவிட்டது. அதுவும் யார் தப்பு என்று அவள் சொல்லவில்லை.

டீச்சர் சூடாகச் சோறு வைத்தாள். நான் சாடினை ஊற்றினேன். முதலாளி பிசைந்து ஒரு வாய் வைத்தான். அவன் முகம் கோணலாகப் போனது. தண்ணீர்க் கிளாஸைத் தேடினான்.

"என்னாடா இது?" என்றான். "கடலையே உள்ள ஊத்துனீங்களா?"

"கொஞ்சம் உப்பு தூக்கலோ?" என்றாள் பீடோர்க்காரி பயந்துகொண்டே.

"கொஞ்சமா? சோறு களி மாதிரி இருக்கு. வெங்காயம் ஒரு பக்கம் கருகிருக்கு, ஒரு பக்கம் பச்சையா இருக்கு. மல்லித்தழையில மண்ணு. இதைச் சமைச்சவனைக் கூப்பிடு!"

"நான்தான் சார்" என்று கையைக் கட்டிக்கொண்டு முன்னால் நின்றேன்.

"எத்தன வருஷமா கடை வச்சிருக்கே?"

"இப்பத்தான் சார் தொறந்தேன்."

"இப்பயே மூடிரு!" என்று சொல்லிவிட்டு அடுத்த வாய் எடுத்தான். திட்டிக்கொண்டே சாப்பிட்டான். காலமெல்லாம் மற்றவர்களிடம் திட்டு வாங்கியே கடை நடத்தியவன். உப்பு கம்மி, உறைப்பு ஜாஸ்தி, தேத்தண்ணி ஆறிப்போச்சு என்று எல்லாரும் அவனிடம்தான் சொல்லுவார்கள். அன்றைக்குத்தான் அவனுக்குத் திட்ட ஒரு கடை கிடைத்தது. ஒவ்வொரு வாய்க்கும் ஒரு குறை. ஒவ்வொரு குறைக்கும் ஒரு வாய். காலை மடக்கி நாற்காலி மேலே ஏற்றிக்கொண்டு சாப்பிட்டான். ஒரு தடவைகூட எழுந்திருக்கவில்லை.

மற்ற நாலு பேரும் என்ன செய்தோம் என்று கேட்காதீர்கள். அவன் கடை ஆட்டுக் குருமாவை வெளுத்துக் கட்டினோம். அவ்வளவு நல்ல குருமா வீணாகலாமா?

கொஞ்ச நேரத்தில் எனக்கும் எங்கள் சாடின் எப்படித்தான் இருக்கிறது என்று பார்க்க ஆசை வந்தது. கரண்டியை நீட்டினேன். முதலாளி சட்டியைத் தன் பக்கம் இழுத்து, இடது கையால் அணைத்துக்கொண்டான்.

"எடு கையை. அங்க அவ்ளோ இருக்குலா, அதைத் தின்னு."

"ஒரு துண்டுடா. ருசி பாக்கத்தான்."

"ஒன்னும் வேணாம். வாயில வைக்க முடியாது, உனக்கெதுக்கு?" என்றான். "டீச்சர், சோறு இன்னும் கொஞ்சம் வை. அந்தக் களிதான், அதையே வை."